பின்மதில் விழுந்த காரணம்

அன்புள்ள மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் அனுப்புவதையெல்லாம் பார்த்துவிட்டு நீங்கள் பதில் போடுவதில்லை. ஆகவே தோஹா திரும்பும் அஸ்ஃபர் நானாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் வழியில் பிரித்துப் படிப்பார், படிக்கட்டும்.

நாற்பத்தாறு வயதில் எஞ்சினியரிங் படிக்கப் போனால் பிலிமத்தலாவை முழுக்கச் சிரிக்கும் என்றீர்கள். சிரித்தது உண்மைதான். முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழும்பி, "குட் மோர்னிங் மெடம்" என்றார்கள். "இருங்க புள்ளைகள், நானும் உங்க செட்தான்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசை வாங்கில் போய் இருந்தேன்.

நேற்று, சரிவில் மதில் கட்டுவது பற்றிப் பாடம். நீங்கள் பக்கத்தில் நின்று கட்டுவித்த நம் பின்மதில் மழையால் விழவில்லை மச்சான். தண்ணீர் வடிய ஓர் ஓட்டைகூட வைக்காததால் விழுந்தது. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, உங்கள் உம்மாவைத் தவிர. மாமி ஊருக்கே சொல்லிவிட்டார். "அவன் வந்தா நான் பேசிக்கொள்றேன், நீ படி மகள்" என்கிறார்.

படிப்பை நிறுத்த லீவு போட்டு வருவதாக மாமியிடம் சொன்னீர்களாம். வாங்க. வியாழக்கிழமை வந்தால் சாவி மாமியிடம், சோறு சட்டியில். எனக்கு அன்று வகுப்பில் சோதனை. சனிக்கிழமை மதிலைத் திருப்பிக் கட்டுவோம். ஓட்டை எங்கெங்கே வைப்பது என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
கடைசி வாங்கு.