காசநோய் இல்லை

மார்ச் 4
இன்றும் ஒரு குப்பியில் அந்தக் கிருமி வளர்ந்திருந்தது. காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவு. தண்ணீரிலும் மண்ணிலும் கிடப்பது. இந்தச் சளிப் பரிசோதனைக் கூடத்தில் நான் சேர்ந்த புதிதில் அதைக் கண்டால் அழுக்கு என்று தள்ளிவிடுவோம். இப்போது வாராவாரம் வருகிறது. நோய் பெருகிவிட்டதா, நாம் இப்போதுதான் தேடுகிறோமா? பெரிய டாக்டரிடம் கேட்டேன். ரெண்டும்தான் என்றார்.

மார்ச் 9
அக்கா வீட்டுக்குப் போனேன். மாதக்கணக்காகக் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறாள். இருமல் குறையவே இல்லை. எலும்பும் தோலுமாகிவிட்டாள். தொற்றிவிடும் என்று பயந்து, தவழத் தொடங்கியிருந்த பேரனைத் தூக்கிக்கொண்டு மகனும் மருமகளும் வேறு வீடு போய்விட்டார்கள். குறை சொல்ல முடியுமா? நானே முகக்கவசம் போட்டுக்கொண்டு தள்ளித்தானே உட்கார்ந்தேன். அவள் சளியை ஏன் யாரும் வளர்த்துப் பார்க்கவில்லை?

மார்ச் 11
டாக்டர் சம்மதித்தார். அக்காவின் சளியை இரண்டு மாதிரிகளாக வாங்கி வைத்தாயிற்று.

ஏப்ரல் 6
அதே தூரத்து உறவுதான். இரண்டாவது மாதிரியிலும்.

ஏப்ரல் 7
அக்காவிடம் சொன்னேன் - காசநோயே இல்லை, இது மனுஷருக்கு மனுஷர் ஒட்டாது என்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். என்ன மடத்தனம்! சுவரைப் பார்த்தபடி கேட்டாள்:
"அப்போ கொழந்தைய நான் தூக்கியிருக்கலாமாடி?"
தூக்கியிருக்கலாம்க்கா. தாராளமா தூக்கியிருக்கலாம். வாயில் வரவில்லை.

ஏப்ரல் 20
அக்கா மகன் வந்தான். வாசற்படி தாண்டவில்லை. "முன்னாடியும் டாக்டர்தானே சொன்னாரு சித்தி? இப்ப வேறங்கறாரு. எதைத்தான் நம்புறது?"
கோபம் வந்தது.

ஜூன் 2
அக்காவுக்குப் புது மருந்துகள். வாய் கசக்கிறது, சோறு இறங்கவில்லை. கூடவே ஊசி. காதைக் கெடுக்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். வேறு வழி?

ஜூலை 18
கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தது. உள்ளேதான் இருந்திருக்கிறாள். கேட்கவில்லை.

ஜூலை 19
ஊசியை நிறுத்திவிட்டார்கள். போனது போனதுதானாம்.

பிப்ரவரி 15
சில மாதங்களாகச் சளியில் கிருமி இல்லை. மாத்திரை மட்டும் தொடர வேண்டும். இன்று ஒருவழியாகப் பேரனைக் கூட்டி வந்தார்கள். ஓடுகிறான், ஓயாமல் பேசுகிறான். அக்கா அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ யாரு?" என்றான்.
"என்னடி சொல்றான்?" என்று என்னைக் கேட்டாள்.
காதருகே குனிந்து கத்தினேன்: "பாட்டின்னு கூப்பிடறான்க்கா."
மகன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா சிரித்தாள்.