ஒன்று ஜூஜூர் வகுப்புப் பட்டியல்

நவம்பர் 20, வியாழன்

முதலாம் படிவ மதிப்பெண்கள் வந்துவிட்டன. தேர்வுச் செயலாளர் என்று எட்டு வருடமாக இந்த வேலை என் தலையில். வழக்கம்போல் இனவாரியாகப் பிரித்தேன். மொத்தம் நூற்று எழுபத்திரண்டு பேர். இந்தியர் முப்பத்தெட்டு. அதில் பத்தொன்பது பேர் ஒரே வகுப்பில் - ஒன்று ஜூஜூர். ஜூஜூர் என்றால் மலாயில் நேர்மை; ஆறு வகுப்புகளில் கடைசி.

மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் அறிக்கையில் 'பின்னடைவுக்குக் காரணம்' என்று ஓர் இடம் உண்டு. போன வருடம் எழுதியதையே போட்டால் போதும் என்றார் முதல்வர். போன வருடம் நான் எழுதியது: பெற்றோரின் அக்கறையின்மை.

நவம்பர் 21, வெள்ளி

கணிதத்தை மட்டும் தனியே வரிசைப்படுத்திப் பார்த்தேன். படிவம் முழுவதிலும் நான்காவது இடம்: சாந்தினி புவனேஸ்வரன், எண்பத்தாறு. வகுப்பு - ஒன்று ஜூஜூர். தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். தப்பில்லை. நீளமான மலாய் வாக்கியங்களில் வந்த மூன்று கணக்குகளை மட்டும் விட்டிருக்கிறாள். தொட்ட கணக்கு எல்லாம் சரி.

நவம்பர் 24, திங்கள்

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன். ஒல்லியான பிள்ளை, கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல டீச்சர். அப்பா ஃபோன்ல வீடியோ பாப்பேன்."

"வகுப்புல?"

"ஜூன்லேர்ந்து கணக்கு டீச்சரே இல்லியே."

பிரசவ விடுப்பில் போனவருக்குப் பதில் ஆள் வரவில்லை. எனக்குத் தெரியாதா? தெரியும். தினமும் கடந்துபோன வகுப்புதானே அது.

நவம்பர் 26, புதன்

பழைய கூட்டக் குறிப்புகளைத் தேடி எடுத்தேன். ஆறு வருடத்துக்கு முந்தையது. "முதலாம் படிவத்தினரை மலாய் வாசிப்புச் சோதனையின்படி வகுப்பு பிரிக்கலாம். முன்மொழிந்தவர்: லினெட்."

நான்தான். அப்போது வசதியாக இருந்தது. ஒரே மத்தியானத்தில் பட்டியல் முடிந்தது.

பத்தொன்பது பேரில் பதினேழு பேர் தமிழ்த் தொடக்கப்பள்ளியில் ஆறு வருடம் தமிழிலேயே படித்துவிட்டு வந்தவர்கள். மற்ற பன்னிரண்டு பேரில் ஏழு பேர் சீனப்பள்ளிப் பிள்ளைகள். மீதி ஐந்தும் வாசிக்கத் திணறும் மலாய்ப் பிள்ளைகள். கணக்கு வருமா, அறிவியல் வருமா என்று ஒருவரையும் நாங்கள் கேட்கவே இல்லை. ஆறு வருடம், வருடத்துக்கு முப்பது பேர் - வேண்டாம், பெருக்க மனம் வரவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

தேவாலயத்தில், பூசையில் மனம் நிற்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

எழுதிவிட்டேன். பிரித்த விதம், ஆசிரியர் இல்லாத மாதங்கள், இரண்டையும். பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

துணை முதல்வர் பஷீர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "என்ன டீச்சர் இது? நம்ம ஸ்கூலு மேல நாமளே புகார் குடுக்கிறதா? ரிட்டையராக ரெண்டு வருஷம்தான் இருக்கு, ஏன் வம்பு லா?"

"நான் செஞ்சத நான் எழுதுறேன், சார்."

டிசம்பர் 4, வியாழன்

கூட்டம். முதல்வர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. யார் கொண்டுவந்த முறை இது என்று மட்டும் கேட்டார். எழுந்து, நான்தான் என்றேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. சாந்தினியையாவது இப்போதே வேறு வகுப்புக்கு மாற்றலாமே என்று கேட்டேன். ஒருத்தியை மாற்றினால் முப்பது பெற்றோர் வந்து நிற்பார்கள் என்றார்.

டிசம்பர் 9, செவ்வாய்

சாந்தினியின் அப்பா வந்தார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறார். வேலைச் சட்டையோடுதான் வந்தார்.

"மவள வேற ஸ்கூலுக்கு மாத்தலாம்னு இருக்கேன் டீச்சர். எங்கக்கா கெப்பாலா பத்தாஸ்ல இருக்காங்க. இங்க கடைசி வகுப்புன்னு எல்லாரும் ஒரு மாதிரியா பேசுறாங்க. இவளுக்குத்தான் படிப்பு வரலியே, அங்கயாச்சும் நிம்மதியா இருக்கட்டும்."

விடைத்தாளைக் காட்டினேன். நான்காவது இடம் என்றேன். அவர் அந்த எண்பத்தாறையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபோன நோண்டிக்கிட்டே இருக்கான்னு அடிச்சிட்டேன் டீச்சர். கேம் வெளையாடுறான்னு நெனச்சேன்."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. வகுப்பு பிரித்தது என் யோசனை என்று சொன்னேன். அவர் விடைத்தாளை என் பக்கம் தள்ளிவைத்தார். எழுந்தபோதுதான் சொன்னார்.

"நம்ம ஆளு டீச்சர் ஒருத்தங்க இருக்காங்கன்னு தைரியமாத்தான் இங்க சேத்தேன்."

வாசல்வரை கூடவே போனேன். அவ்வளவுதான் முடிந்தது.

டிசம்பர் 18, வியாழன்

முடிவு வந்தது. அடுத்த வருடம் முதலாம் படிவம் கலந்தே பிரிக்கப்படும். இரண்டாம் படிவத்துக்குப் போகும் இந்தப் பிள்ளைகளுக்கு மாற்றமில்லை, அட்டவணை முடிந்துவிட்டதாம். அறிக்கையில் நான் எழுதிய பத்திகளை எடுத்துவிட்டார்கள். தேர்வுச் செயலாளர் பொறுப்பு இனி ஜெஃப்ரிக்கு. புதுசாக வந்த பையன், கெட்டிக்காரன்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: இரண்டு ஜூஜூருக்குக் கணிதம் எனக்கு வேண்டும். வேறு யாரும் கேட்காத வகுப்பு. உடனே கொடுத்துவிட்டார்கள்.

ஜனவரி 12, திங்கள்

பள்ளி திறந்தது. புதிய முதலாம் படிவப் பட்டியல் முன்னால் ஒட்டியிருந்தது. ஆறு வகுப்பிலும் எல்லாப் பெயர்களும் கலந்திருந்தன. நின்று முழுக்கப் படித்தேன்.

அலுவலகத்தில் சாந்தினியின் மாற்றல் கடிதம். புவனேஸ்வரனின் கையெழுத்து பெரிதாக, அழுத்தமாக இருந்தது.

ஜனவரி 14, புதன்

இரண்டு ஜூஜூரில் முதல் பாடம். முப்பது பேர். கணக்கில் வரும் மலாய்ச் சொற்களை முதலில் எழுதிப் போட்டு, அதன்பிறகு கணக்குக்குள் போனேன். பாதியில் முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். காமாரியா. அந்த ஐந்து மலாய்ப் பிள்ளைகளில் ஒருத்தி. சாந்தினி எப்போது வருவாள் என்று மலாயில் கேட்டாள்.

வரமாட்டாள், பள்ளி மாறிவிட்டாள் என்றேன்.

ஆசிரியர் வராத மாதங்களில் சாந்தினிதான் வெண்பலகையில் எழுதி எங்களுக்குச் சொல்லித் தருவாள் என்றாள் காமாரியா. பின்னால் இருந்த பையன்களும் தலையாட்டினார்கள். எனக்கு இது தெரியாது. அவளும் என்னிடம் சொல்லவில்லை.

"அவள் மெதுவாகத்தான் சொல்வாள், டீச்சர்," என்றாள் காமாரியா. "நீங்கள் ரொம்ப வேகம்."

பலகையை அழித்துவிட்டு, முதலிலிருந்து மெதுவாகச் சொன்னேன்.