ஊற வைக்காத கல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையை மட்டும் நான் எடுத்துக் கொடுத்தால்தான் விழுங்குவாள், டப்பாவைப் பார்த்தாலே குணமாகிவிடும் என்று நினைப்பு. உன் தங்கை சின்னவளுக்குப் பள்ளியில் இந்த வருடம் பாடம் நடத்த மூன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள், முப்பத்தொரு வாண்டுகள், தினமும் தொண்டை கட்டிப்போய் வருகிறாள். வகுப்பு அந்தப் புதுக் கட்டடத்தில், முகப்பில் நான்கு மணற்கல் தூண்கள் நிற்கின்றனவே, அவற்றுக்கு நேர் பின்னால். அந்தத் தூண்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வாரமாக மழை விடவில்லை. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்து இரண்டாவது தூண் மேலேயே வழிகிறது. அதன் அடியில் தினமும் ஒரு கை மணல் கிடக்கிறதாம். "பெருக்கப் பெருக்க வருதுப்பா, எந்த லாரில வந்து கொட்டுறாங்கன்னே தெரியல" என்று சின்னவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தாநாள் குடை கொடுக்கிற சாக்கில் போய், பெயர்ந்து கிடந்த ஒரு சில்லை எடுத்து வந்தேன். என் பழைய வேலைப் பெட்டியில் அமிலக் குப்பி இன்னும் இருக்கிறது. இரண்டு சொட்டு விட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது, உள்ளே இருப்பது சுண்ணாம்பு. நுரை அடங்கியதும் விரலால் நசுக்கினேன், கல் மணலாகிவிட்டது. சோதனைக்கூடத்தில் நீ பொறியாளராகவும் நான் உனக்கு உதவியாளாகவும் இருந்தபோது நீதானே சொல்வாய், "மணல் எல்லாக் கல்லுலயும் ஒண்ணுதான்பா, அத எது ஒட்ட வச்சிருக்குன்னுதான் பாக்கணும்" என்று. மணல் மணிகளை ஒன்றோடொன்று பிடித்திருப்பது படிகம் என்றால் அந்தக் கல் தண்ணீரை மதிக்காது, சுண்ணாம்பும் களிமண்ணும் என்றால் காய்ந்திருக்கும்வரைதான் அதன் வீம்பெல்லாம்.

இனி மறைக்க முடியாதம்மா. கட்டடம் எழும்பும் முன்பு, அந்தத் தூண் கல்லின் துண்டுகளை இரண்டு நாள் தண்ணீரில் ஊற வைத்து நசுக்கிப் பார்க்கச் சொன்னாய். நீ வெளிநாடு புறப்படும் வாரம் அது, அறிக்கை முடியாவிட்டால் உன் பயணம் தள்ளிப்போகும் என்று பயந்தேன். ஊற வைக்கவே இல்லை. காய்ந்த துண்டுகளையே இயந்திரத்தில் வைத்தேன், நன்றாகத் தாங்கின. ஊறியவை என்று தாளில் நான் எழுதினேன், அதை நம்பி நீ கையெழுத்துப் போட்டாய். நேற்று தலைமை ஆசிரியையிடம் போய், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்றேன். அவர் அறிக்கையை எடுத்துக் காட்டி, "உங்க பொண்ணே கையெழுத்துப் போட்டிருக்காங்களே, அப்புறம் என்ன பயம்?" என்று எனக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினார். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை, வெட்கமாக இருக்கிறது. சின்னவளிடமும் காரணத்தைச் சொல்லாமல் லீவு போடச் சொன்னேன், "முப்பத்தொரு பேரும் லீவு போட்டா நானும் போடறேன்" என்று சற்று முன் கிளம்பிப் போய்விட்டாள். இப்போது மணி எட்டு, ஒன்பதுக்குப் பள்ளி தொடங்கும், மழை இன்னும் வலுத்திருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வெளியே சொல்ல மனம் வரவில்லை, போனில் உன் குரலைக் கேட்டால் மறுபடியும் விழுங்கிவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம். இதை ஒட்டி அம்மா கையில் கொடுத்துவிட்டு நேராகப் பள்ளிக்கூட வாசலுக்குத்தான் போகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அதிகாரிகள் உன்னைக் கூப்பிட்டு விசாரித்தால், அப்பாவைக் காப்பாற்ற ஒரு வார்த்தை பொய் சொல்லக் கூடாது.

என்றும் உன் நலம் விரும்பும்,
அப்பா