தொட்டிலுக்கு மேலே மாட்டிய வெள்ளை பல்பு

உடையார்பாளையம்

அன்புள்ள தென்றலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். புனேயில் நீ, மாப்பிள்ளை, பாப்பா மூவரும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை. மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், மாப்பிள்ளை காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை உன் நாத்தனார் வளைகாப்புக்குக் குன்னம் போயிருந்தோம். விளக்கு வைத்த நேரம், படுக்கையறையில் மஞ்சள் பல்பு எரிந்தது. என்ன சம்பந்தி, வூடு இப்படி மங்கலா இருக்குன்னு உன் மாமியாரைக் கேட்டேன். உங்க மவதான் போன ஆடியிலயே போன் பண்ணி மாத்தச் சொல்லிச்சு, வெள்ளை வெளிச்சம் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்குமாம், இப்ப படுத்ததும் தூங்கிடுறேன்னு சொல்லிச் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது தென்றல். மறைத்து என்ன ஆகப்போகிறது, பொறாமைதான்.

பொங்கலுக்கு நீ வந்தபோது, பேத்தி வருகிறாளே, வீடு ஜெகஜோதியாக இருக்கட்டும் என்று கண்ணையன் கடையில் டப்பா டப்பாவாகப் பார்த்து, 6500 என்று போட்ட வெள்ளை பல்பை வாங்கித் தொட்டிலுக்கு நேர் மேலே மாட்டினேன். நம்பர் பெரிசென்றால் சாமான் உசத்தி என்றுதானே நினைப்போம், அது வெளிச்சத்தின் நிறமாம், நம்பர் ஏற ஏற வெள்ளையாம். பாப்பா விடிய விடிய வீறிட்டாள். குன்னத்துக்குக் கொண்டுபோனதும் தூங்கிவிட்டாள், அங்கே அப்போதே மஞ்சள் பல்பு என்று எனக்கு எங்கே தெரியும். எங்க வூடுதான் பிள்ளைக்கு ராசின்னு உன் மாமியார் எல்லோரிடமும் சொன்னார், நீயும் மிச்ச லீவை அங்கேயே கழித்தாய். என் கை பிள்ளைக்கு ஆகவில்லையோ என்று இத்தனை நாளாக மருகிக்கொண்டிருந்தேன். அந்த பல்பைப் பார்த்தும் என்னிடம் நீ வாய் திறக்கவில்லையே? அப்பாவைக் கேட்டால், நீ ஆசையா மாட்டினதைக் கழட்டச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவன்னு நம்ம மவ பயந்திருக்கும் என்கிறார். வைத்துக்கொண்டால்தான் என்ன? மாமியாரிடம் உரிமையாகச் சொல்கிறாய், என்னிடம் மரியாதை பார்க்கிறாய். நான் என்ன விருந்தாளியா?

மறுநாளே கண்ணையனிடம் 2700 போட்ட மஞ்சள் பல்பு வாங்கிப் படுக்கையறையில் மாட்டிவிட்டேன். அப்பா பேப்பர் படிக்கிற இடத்தில் மட்டும் வெள்ளையே இருக்கிறது, இல்லாவிட்டால் அவருக்குக் கண் தெரியவில்லையாம். கோடை லீவுக்கு வரும்போது பாப்பாவை முதலில் இங்கேதான் கொண்டுவர வேண்டும். வந்தும் அவள் தூங்காவிட்டால், பழி போட இனி எனக்கு பல்பு கூட இல்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாயிருங்கள். தூங்கப் போகிற நேரத்தில் பாப்பா கண்ணெதிரே செல்போனை நீட்டாதே. நான் பல்பு மாற்றியதைக் குன்னத்தில் மூச்சு விடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அமிர்தவல்லி