கேசிகா படியிறங்கும் விதம்

ஒரேத்தோ, பாலெர்மோ
இத்தாலி
12.05.2025

அன்பின் யசிக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதத் தொடங்குவதற்குக் குறை நினைக்க வேண்டாம். கேசிகா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். விடிய அவளைக் கீழ்மாடி நிரோசினி அக்காவிடம் விட்டுவிட்டு, பொலிதேயாமாவுக்கு, எமிலியானா சிஞ்ஞோரா வீட்டு வேலைக்கு ஓட வேண்டும். எனக்கென்று மிஞ்சுவது இந்த நேரந்தான். எழுத்து கோணலாக இருந்தால் அது நித்திரையின் குற்றம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் நான் ஏதாவது கேட்கத் தொடங்கினால், "பிள்ளையைக் காட்டும், பிள்ளையைக் காட்டும்" என்கிறீர்கள். நானும் காட்டிவிடுகிறேன். பிறகு உங்களுக்குப் பயிற்சிக்கு நேரமாகிவிடுகிறது. கடிதத்தில் பிள்ளையைக் காட்ட முடியாதுதானே.

பத்மநாதன் அண்ணையின் கடைக்குப் போனேன். "தங்கச்சி, உம்மடை மனுசன் ஜெர்மனியிலை எத்தினை கோல் போட்டவர்?" என்றார். மூன்று வருடமாக இதே கேள்வி. இது அந்த புட்போல் இல்லை அண்ணை, அமெரிக்கன் புட்போல், இவர் ரன்னிங் பேக், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவர், எதிரே நிற்கிறவர்கள் எல்லாரும் இவரை விழுத்தத்தான் நிற்கிறார்கள் என்று சொன்னேன்.

"ஓடுறவனை ஏன் பிள்ளை விழுத்துறாங்கள்?"

"அதுதான் அண்ணை விளையாட்டு."

"அப்ப எழும்பி வந்திடுவாரோ?"

"ஓம் அண்ணை, ஒவ்வொருக்காலும் எழும்புவார்."

சொல்லிவிட்டு மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏனென்றால் முதல்நாள் பக்கத்து ஊர் பகேரியாவில் இருந்து உங்கள் சித்தப்பாவின் மகன் பிரதீஸ் போன் எடுத்திருந்தான். இந்த வருடம் நடந்த உங்கள் மூன்று மட்ச்சும் இன்டர்நெட்டில் பார்த்தானாம். "அண்ணி, அண்ணையின்ரை இருபத்தெட்டாம் நம்பர் சேட்டு விளையாட இறங்கேல்லை, வெளி வாங்கிலைதான் குந்திக்கொண்டிருக்குது" என்றான். உண்மையா? போன வருடம் ஒப்பரேசன் செய்த முழங்கால் ஏதும் சொல்கிறதா?

இன்னொன்று. கேசிகாவின் வலது காலில் ஏதோ இருக்கிறது. படியிறங்கும்போது அந்தக் காலை மடக்குகிறாளில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்து, வலது காலை விறைப்பாகக் கீழே வைத்து, இடது காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைக்கிறாள். நாலு படிக்கு ஒருதரம் நின்று முழங்காலைத் தேய்க்கிறாள். நோகுதா என்றால் இல்லை என்கிறாள். பூங்காவில் விட்டால் பறக்கிறாள். 27ஆம் திகதி டொக்டரிடம் காட்டப் போகிறேன். மாமாவும் மாமியும் லண்டனுக்குப் போன பிறகு, இப்படியொன்றைக் கேட்கக்கூட இஞ்சை ஆள் இல்லை.

அன்புடன்,
துசானி


ஜெர்மனி
20.05.2025

அன்புள்ள துசானிக்கு,

உம்மடை கடிதம் கிடைச்சது. என்ரை அறையிலை இருக்கிற ஜோக்கிம், "ஆரும் செத்துப்போச்சினமோ?" எண்டு கேட்டான். மனுசி எழுதினது எண்டன். "அப்ப அதைவிடப் பெரிய விசயம்" எண்டுட்டு வெளியிலை போட்டான்.

பிள்ளையின்ரை காலிலை ஒண்டும் இராது. நீர் எல்லாத்துக்கும் பயப்பிடுவீர். பிறந்து நாற்பதாம் நாள் அவள் ரெண்டு தும்மல் தும்மினதுக்கு என்னை மழைக்குள்ளை ஆஸ்பத்திரிக்கு ஓடவைச்ச ஆள் நீர்.

என்ரை முழங்கால் இரும்பு மாதிரி இருக்கு. கோச் என்னைக் கடைசி மட்ச்சுகளுக்கு எண்டு வைச்சிருக்கிறார். பிரதீசுக்கு வேலை வெட்டி இல்லை. அவன் சொல்லுறதைக் கேக்க வேண்டாம்.

இஞ்சை ஒன்பது மணிக்கும் வெளிச்சமாய்க் கிடக்கு. ஜன்னலை மூடிப்போட்டுப் படுத்தாலும் நித்திரை வருகுதில்லை. பிள்ளைக்கு ஒரு சின்னப் பந்து வாங்கி வைச்சிருக்கிறன்.

யசி


ஒரேத்தோ, பாலெர்மோ
29.05.2025

யசிக்கு,

டொக்டரம்மா கேசிகாவைக் குந்தச் சொன்னா, துள்ளச் சொன்னா, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னா. எல்லாம் செய்தாள். பிறகு எங்களை வெளிப்படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "இறங்கு பார்ப்போம்" என்றா. கேசிகா சுவரைப் பிடித்து, காலை விறைத்து, நாலாம் படியில் நின்று முழங்காலைத் தேய்த்தாள்.

டொக்டரம்மா பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தா. "வீட்டில் யார் இப்படிப் படியிறங்குகிறார்கள்?"

ஒருவரும் இல்லை என்றேன்.

"அப்பா இப்பிடி" என்றாள் கேசிகா.

பிள்ளைகள் பார்த்ததைச் செய்வார்கள், நாள் போகப் போகத் தானாக மறந்துவிடுவாள், காலில் ஒன்றுமே இல்லை என்று டொக்டரம்மா சொன்னா. சந்தோசப்பட வேண்டிய செய்தி. நான் பஸ்ஸில் இருந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைக் கிண்டினேன். உங்கள் பழைய விளையாட்டுச் சப்பாத்துக்குள் நாலாக மடித்த ஸ்கான் அறிக்கை. ஏப்ரல் 3. டொக்டர்மாரின் இத்தாலியன் எனக்கு விளங்காது, எமிலியானா சிஞ்ஞோராவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தா. தைத்த இடம் மறுபடி கிழிந்திருக்கிறது, காலில் பாரம் ஏற்றவே கூடாது என்று எழுதியிருக்கிறதாம். "இதற்குப் பிறகு உன் கணவர் என்ன செய்தார்?" என்று கேட்டா.

"மலை ஏறினார் சிஞ்ஞோரா. சாந்தா ரொசாலியாவிடம். வெறுங்காலோடு. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு."

"நீங்கள் இந்துக்கள் அல்லவா? எங்கள் சாந்தாவிடம், இந்த ஊர்ப் புனிதையிடம், உங்களுக்கு என்ன வேலை?"

"இந்த ஊரில் மலைமேல் இருப்பது அவதானே" என்றேன்.

ஏப்ரல் 6. அன்றைக்கு இறங்கி வரும்போது நடுவில் மதிலில் இருந்துவிட்டீர்கள். வியர்த்துக் கொட்டியது. "கல்லு குத்திப்போட்டுது" என்றீர்கள். நான் உங்கள் உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தேன். கல்லுமில்லை, கீறலுமில்லை. "அவ்வளவு பெரிய ஆக்களை இடிச்சு விழுத்துறவருக்குக் கல்லு குத்துதாம்" என்று சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். மூன்றாம் நாள் ஜெர்மனிக்கு ஏறிவிட்டீர்கள்.

கம்பஸில் புவியியல் படித்தவள் நான். வரைபடத்தில் கோடுகளைப் பார்த்தே சரிவு எவ்வளவு என்று சொல்லுவேன். என் மனுசன் படியிறங்குகிறதைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது.

கிழிந்த காலோடு ஏன் ஏறினீர்கள்? இதை மட்டும் சொல்லுங்கள்.

துசானி


ஜெர்மனி
09.06.2025

துசானி,

நாலு தரம் எழுதிக் கிழிச்சுப் போட்டன்.

முழங்கால் சுகமானால் மூண்டு பேரும் வெறுங்காலோடை மலை ஏறுவம் எண்டு நேந்தது நீர். ஸ்கான் எடுத்த அண்டைக்குப் பேப்பர் என்ரை பொக்கற்றிலை கிடக்கு. கதவைத் திறக்கிறன், பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு வாசலிலையே நிக்கிறீர். "நல்ல சேதிதானே?" எண்டு கேட்டீர். உம்மடை முகத்தைப் பாத்தன். ஓம் எண்டிட்டன். ஓம் எண்டு சொன்னால் பிறகு ஏறத்தானே வேணும்? ஏறாமல் சாட்டுச் சொல்லிப்போட்டு, பிறகு ஒருநாள் கால் போனால், நேத்திக்கடனை முடிக்காததாலைதான் எண்டு நீர் உம்மையே தின்னுவீர். எனக்கு உம்மைத் தெரியும்.

இப்ப உண்மையை எழுதுறன். ஜூலை 26 கடைசி மட்ச். ஊசி போட்டால் ஓடலாம். கிளப் டொக்டர் வேண்டாம் எண்டுதான் சொல்லுறார், போடுறதெண்டால் உன்ரை பொறுப்பு, கையெழுத்து வை எண்டுறார். ஓடிக் காட்டினால் அடுத்த வருசமும் எடுப்பினம். இல்லாட்டில் முடிஞ்சுது. எனக்கு இருபத்தெட்டு வயசு, ரன்னிங் பேக்குக்கு அது கிழட்டு வயசு. பதினெட்டு வயசிலை பாலெர்மோவிலை புல்லில்லாத மைதானத்திலை தொடங்கினது. பகலிலை ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவி, பின்னேரம் ஓடினனான். பந்தைக் கையிலை தந்தால் எனக்கு நோவு தெரியாது. அது இல்லாட்டில் நான் ஆர் எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

மற்றப் பெடியள் பயிற்சிக்குப் போனாப் பிறகு நான் இந்த அறையிலை காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறன். பிள்ளைக்கு வாங்கின பந்தைச் சுவரிலை எறிஞ்சு எறிஞ்சு பிடிக்கிறன். பக்கத்து அறைக்காரன் வந்து ஏசிப்போட்டுப் போறான்.

யசி


ஒரேத்தோ, பாலெர்மோ
21.06.2025

அன்பின் யசிக்கு,

மறுபடியும் நேரங்கெட்ட நேரந்தான், மன்னியுங்கள்.

போன ஞாயிறு கேசிகாவைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். செருப்போடுதான் ஏறினேன். பாதித் தூரம் தூக்கினேன், பாதித் தூரம் அவள் நடந்தாள். குகைக்குள் குளிர். சாந்தாவிடம் சொன்னேன்: "சுகம் வந்தால்தான் ஏறுறது எண்டு சொன்னனான். சுகம் வராமலே அவர் ஏறிப்போட்டார். இனி அந்த நேத்தி எங்களைத் தொடக் கூடாது." அந்த 26ஆம் திகதி மட்ச்சுக்காக நான் ஒன்றும் நேரவில்லை. வெல்லவேண்டும் என்றும் கேட்கவில்லை, தோற்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது, மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அறிக்கையைப் பெரியாஸ்பத்திரிச் சேர்ஜன் டொக்டரிடம் காட்டினேன். ஜூலை 16க்கு ஒப்பரேசன் திகதி தந்திருக்கிறார். ஜூலை 4க்கு முன் நீங்களே கையெழுத்து வைத்து அனுப்பினால்தான் அந்த இடம் உங்களுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும், பிறகு அடுத்த வருடந்தானாம். அதுவரை இந்தக் காலோடு ஓடினால் பிறகு தைக்க ஒன்றும் மிஞ்சாது என்றும் சொன்னார். இப்போதே செய்தால் நடக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம், படியிறங்கலாம். ஓடுவதைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

ஊசிக்கும் உங்கள் கையெழுத்து, இதற்கும் உங்கள் கையெழுத்து. இரண்டிலும் நான் வைக்க முடியாது.

நீங்கள் ஆர் என்று சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அழகாகச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளையைத் தோளில் வைத்திருந்ததால் மலை முழுக்க விழாமல் வந்த ஆள். அன்றைக்கு யாரும் ஸ்கோர் எழுதவில்லை.

ஒரு மன்னிப்பும் கேட்கவேண்டும். வாசலில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. "நல்ல சேதிதானே?" என்று கேட்டால் ஒரு மனிதன் வேறு என்ன சொல்லுவான்? இனி "என்ன சேதி?" என்று மட்டும் கேட்கிறேன். எந்தச் சேதியென்றாலும் கதவு திறந்துதான் இருக்கும்.

நேற்றுக் கேசிகா நாலு மாடியும் நேராக இறங்கினாள், காலை மாற்றி மாற்றி வைத்து, சுவரைத் தொடாமல். நிரோசினி அக்கா கைதட்டினா. நான் கீழ்ப்படியில் குந்தியிருந்து, "அப்பா எப்பிடி இறங்குவார், செய்து காட்டுங்கோ பாப்பம்" என்று கேட்டேன். இரண்டு படி ஏறித் திரும்பி, மறுபடியும் நேராகவே இறங்கினாள். நீங்கள் இறங்கும் விதம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

போனில் வேண்டாம். போனில் பிள்ளையைக் காட்டச் சொல்லுவீர்கள், நானும் காட்டிவிடுவேன். எதில் கையெழுத்து வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். கெதியாகப் பதில் போடுங்கள்.

துசானி