காரலுக்கு ஏது ஊர்

கீழவைப்பார்
28.8.2024

அன்புள்ள ஜெபா அக்காவுக்கு,

மேலே சின்னதாகச் சிலுவை போட்டிருக்கிறேன். போடாமல் எழுத அம்மா விடமாட்டார்கள். நாசரேத் புராட்டஸ்டண்டான நீங்கள் சிரிக்கக் கூடாது.

உங்கள் ஆராய்ச்சிக்கான இந்த மாதத்து டியூப்கள் எல்லாம் பெட்டியில் இருக்கின்றன. நீங்கள் காட்டித் தந்தபடியே காரல் மீனின் வால் துடுப்பில் நகத்தளவு வெட்டி, ஸ்பிரிட்டில் போட்டு, தேதியும் ஊரும் பென்சிலால் எழுதினேன். மிச்ச மீன் குழம்புக்குப் போய்விட்டது.

நீங்கள் தங்கியிருந்த மாடி அறையை இன்னும் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. உங்கள் செருப்பு அங்கேயே கிடக்கிறது. பத்தாம் வகுப்போடு நான் நின்ற பிறகு, என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது நீங்கள் மட்டும்தான். போனில் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் பெட்டியோடு கடிதம். எப்போது வருவீர்கள்?

உங்கள்
ஷெர்லின்


பெங்களூர்
3.10.2024

அன்பு ஷெர்லின்,

சிலுவைக்குச் சிரிக்கவில்லை. ஆனால் இன்று லேபில் சத்தமாகக் கத்திவிட்டேன், உன்னால்தான்.

பாம்பனுக்கு வடக்கே உள்ள காரலும் தெற்கே உள்ள காரலும் பார்வைக்கு ஒன்று. மரபணுவைப் படித்தால் வேறு வேறு. என்றோ நடுவில் நிலம் எழுந்து பிரித்துவிட்டது. இரண்டும் தனித்தனி இனமாகிவிட்டன என்று நினைத்திருந்தோம். நீ ஆகஸ்ட் ஐந்தாம் தேதி வெட்டிய மீன் மட்டும் வடக்கத்தியது! தெற்கே இருக்கும் உன் கடலுக்கு அது எப்படி வந்தது? இன்னும் கலக்கின்றனவா?

பேராசிரியர், "ஒரு வருஷம் அங்கேயே போய் இரு" என்றுவிட்டார். ஜனவரியில் வருகிறேன். மாடி அறை எனக்குத்தான் என்று அம்மாவிடம் சொல். உதவிக்கு நீதான்.

அன்புடன்
ஜெபசெல்வி


கீழவைப்பார்
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்த அன்றே மாடி அறையைக் கழுவிவிட்டேன். ஜன்னலுக்குத் துணி தைக்கும்போதுதான் உறைத்தது. ஐந்தாம் தேதி மாதா திருவிழா. அன்று எங்கள் ஊரில் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. பிறகு மீன் ஏது? கூடையில் மீன் கொண்டுவரும் மெட்டில்டா அத்தையிடம் போய்க் கேட்டேன்.

"ஏளா, திருவிழா அன்னைக்கு மீனுக்கு நான் எங்க போவேன்? பாம்பன் பக்கத்து மண்டபத்துலருந்து லாரியில ஐஸ்பெட்டி வந்துது, எடுத்தேன்."

"வடக்குக் கடலா அத்தை, தெக்குக் கடலா?"

"வடக்குதான். காரலுக்கு ஏதுளா ஊரு? சட்டியில கெடந்தா எல்லாம் காரல்தான். ஒனக்கு இவ்வளவு பேச்சு வருமா? இன்னைக்குத்தான் பாக்கேன்!"

நான் தெரியாமல் டியூபில் கீழவைப்பார் என்று எழுதிவிட்டேன். அது நீந்தி வரவில்லை அக்கா, லாரியில் வந்தது.

இதை எழுதாமல் இருந்தால் நீங்கள் வருவீர்கள். தைத்த துணியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் இல்லாத மீனை நீங்கள் வருஷமெல்லாம் தேட, நான் பக்கத்தில் நின்று டியூபை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது என்னால் ஆகாது.

ஷெர்லின்


பெங்களூர்
11.11.2024

அன்பு ஷெர்லின்,

நல்லவேளை சொன்னாய். அந்த ஒன்றை எடுத்துவிட்டோம். மற்றவை எல்லாம் தெளிவாக இருக்கின்றன: இரண்டும் கலப்பதில்லை. அந்தக் கரையில் இனி வேலை இல்லை, டியூப் அனுப்ப வேண்டாம். ஜனவரியில் என்னை அந்தமானுக்கு அனுப்புகிறார்கள். கட்டுரையின் கடைசியில் உனக்கு நன்றி சொல்லியிருக்கிறோம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஜெபசெல்வி


கீழவைப்பார்
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை பெட்டி இல்லை. தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன். அந்தமானுக்கு எந்த விலாசம் என்று தெரியாததால் லேபுக்கே எழுதுகிறேன்.

மாடிக்கு உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் வருகிறது. உங்கள் செருப்பைக் கழுவி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மெட்டில்டா அத்தை இப்போதெல்லாம் கூடையை இறக்கியதுமே, "இது நம்ம கடலு, இது லாரி" என்று எனக்குப் பிரித்துக் காட்டுகிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

நேற்று நம் கடல் காரல் வாங்கினேன். கை பழக்கத்தில் வால் துடுப்பை வெட்டிவிட்டது. அந்தத் துண்டு விரல்நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. போட டியூப் இல்லை.

ஷெர்லின்