மீன் தொட்டிக்குள் மண்சட்டி

கொத்தனார் ஐயாவுக்குப் பெண்டாட்டி எழுதுவது.

தளம் போட்டால் பதினைந்து நாள் தண்ணீர் கட்டாமல் மேலே ஒரு செங்கல் ஏற்ற விடமாட்டீர்கள். மீன் தொட்டிக்கு மட்டும் ஒரே நாளா? "ஒரு மாசம் வெறும் தண்ணி ஓடட்டும், அப்புறம் மீன் விடுங்க"ன்னு கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். மறுநாளே இரண்டு சிக்லிட் மீனோடு வந்து நிற்கிறீர்கள், நாம் கால் நீட்டவே இடமில்லாத ஒற்றை அறையில். அதைக் கேட்டதற்குத்தான் நேற்று அந்தக் கத்து கத்தினீர்கள்.

பெரியது சின்னதைத் துரத்தித் துரத்தி வாலைக் கடித்துவிட்டது. ஒளிய இடமில்லாமல் சின்னது மூலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. நேற்று நானும் அடுப்பு மூலையில் அப்படித்தான் நின்றேன்.

உடைந்த மண்சட்டியைக் கழுவித் தொட்டிக்குள் கவிழ்த்திருக்கிறேன். சின்னது உள்ளே போய்விட்டது. அழகு கெடுகிறது என்று அதை எடுத்துத் தொலைக்காதீர்கள்.

சாப்பாடு மூடியிருக்கிறது. நான் சாக்கு மண்டியில் வேலை முடிந்து வர ஏழு மணியாகும். சாவியைப் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மறந்துவிட்டேன்: தொட்டியில் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். நேற்றே பிடித்து வைத்த வாளி வாசலில் இருக்கிறது.

இன்னொன்று. யார் யார் வீட்டுக்கோ சுவர் எழுப்புகிறீர்கள். அடுப்புப் பக்கம் எனக்கும் ஒரு அரைச்சுவர் கட்டுங்கள். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் அவசரப்படலாம்.